மூன்று நடுவர் முறை: விசில் பழக வருகிறவர்கள் கேட்பவை

வாளையாறைத் தாண்டி பாலக்காட்டுப் பக்கம் வந்தால் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசும் ஊர்கள். இங்கே பேஸ்கட்பால் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், நடத்தி வைக்கத்தான் ஆள் இல்லை. கல்லூரி முடித்து, முட்டி வலியோ வேலையோ வந்து ஆட்டத்தை விட்டவர்களில் சிலர் விசில் பக்கம் வருகிறார்கள். இரண்டு நடுவர் முறையில் கொஞ்சம் பழகிவிட்டு, மூன்று பேர் முறை என்றதும் தடுமாறுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். அளவுகளும் விதிகளும் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவினுடையவை.

இரண்டு பேரே போதாதா? மூன்றாவது ஆள் எதற்கு?

1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே இரண்டு நடுவர்கள் உண்டு. ஒருவர் ஆட்களைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் பந்தைப் பார்க்க வேண்டும். பந்தை விட்டுக் கண்ணை எடுக்க ஒருவராவது வேண்டும் என்பது ஆட்டம் பிறந்த அன்றே தெரிந்த விஷயம்.

கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். உள்ளே பத்துப் பேர். இரண்டு நடுவர்களில் ஒருவர் பந்தோடு இருக்கிறார், மற்றவர் கூடைக்குக் கீழே நடக்கும் மல்லுக்கட்டைப் பார்க்கிறார். எதிர்ப்பக்கத்து மூலையில் சட்டையைப் பிடித்து இழுப்பதை யார் பார்ப்பது? அந்த மூலைக்காகத்தான் மூன்றாவது ஆள். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ 1978-79 பருவத்தில் மூன்று பேரை வைத்துப் பார்த்தது, அடுத்த பருவமே இரண்டுக்குத் திரும்பியது, 1988-89இல்தான் மூன்றை நிரந்தரமாக்கியது.

மூன்று பேர் வந்தால் விசில் கூடும் என்று கோச்சுகள் பயப்படுகிறார்கள். சரியாக நடந்தால் அப்படி ஆகாது. ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய இடம் சுருங்குகிறது. அதனால் ஒரு மோதலைப் பாதியில் பார்த்து ஊகத்தில் ஊதாமல், அது எங்கே ஆரம்பித்தது என்பதிலிருந்து முடிவு வரை பார்த்துவிட்டு ஊதலாம். பல சமயம் ஊதாமலும் விடலாம். இந்த முறையின் லாபம் முழுக்க அதில்தான் இருக்கிறது. உன் பங்கு எது என்பதைவிட, உன் பங்கு எது இல்லை என்பதைப் பழகத்தான் நாள் பிடிக்கும்.

லீட், டிரெயில், சென்டர்: யார் எங்கே?

லீட் கூடைக்குப் பின்னால் எண்ட் லைனுக்கு வெளியே நிற்கிறவர். டிரெயில் அதே பக்கத்துச் சைடு லைனில், நடுக்கோட்டை ஒட்டிய பாதியில். சென்டர் எதிர்ப்பக்கத்துச் சைடு லைனில், ஃப்ரீ த்ரோ கோட்டை நீட்டினால் வரும் இடத்தை ஒட்டி. மூவரையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். லீடும் டிரெயிலும் இருக்கிற பக்கத்துக்கு ஸ்ட்ராங் சைடு என்றும், சென்டர் தனியாக நிற்கும் பக்கத்துக்கு வீக் சைடு என்றும் பெயர்.

இவை இடத்தின் பெயர்கள். ஆளின் பதவிப் பெயர்கள் வேறு: க்ரூ சீஃப் ஒருவர், அம்பயர் இருவர். க்ரூ சீஃப்தான் எப்போதும் லீடில் நிற்க வேண்டும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அப்படிக் கிடையாது. ஆட்டம் நடக்க நடக்க மூவரும் மூன்று இடத்துக்கும் போய் வருவார்கள்.

ரொட்டேஷன் புரியவே இல்லை. எப்போது மாற வேண்டும்? யார் தொடங்க வேண்டும்?

லீட் மட்டும்தான் தொடங்க வேண்டும். இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பந்து இருக்கும் பக்கம் இரண்டு நடுவர்கள் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பந்து டிரெயில் பக்கத்திலிருந்து சென்டர் பக்கத்துக்குப் போய் அங்கே தங்கினால், லீட் எண்ட் லைனுக்குப் பின்னால் நடந்து மறுபக்கம் போகிறார். அவர் கடக்கும்போதே பழைய டிரெயில் கீழிறங்கி சென்டர் ஆகிறார், அவர் போய்ச் சேர்ந்ததும் பழைய சென்டர் மேலேறி டிரெயில் ஆகிறார். லீட் கடக்கும் அந்த ஓரிரு நொடியில் இரண்டு பக்கமும் சென்டர் இருப்பது போல் தோன்றும், அதில் தப்பில்லை. ஓடாமல், பராக்குப் பார்க்காமல், வேகமாக நடக்க வேண்டும். நடக்கும்போதும் கண், கூடைக்கு முன்னால் இருக்கும் கட்டமான பெயிண்டுக்குள் நிற்கும் ஆட்கள் மேல்.

இப்போது கஷ்டமான பகுதி. பந்து மறுபக்கம் போன உடனே லீட் பாயக் கூடாது. முதலில் எண்ட் லைனில் கூடையை நோக்கி இரண்டு எட்டு நெருங்கி வந்து நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தெரியும்: பந்து அங்கே தங்கப் போகிறதா, உடனே ஷாட் போகப் போகிறதா, யாராவது பந்தோடு கூடைக்குப் பாயும் டிரைவ் வரப் போகிறதா. ஷாட்டோ டிரைவோ வருகிற மாதிரி இருந்தால் கடக்கவே வேண்டாம். கடக்கத் தொடங்கிய பிறகு வந்தால், நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். நடுவில் திரும்பினால் கேவலம் என்று எண்ணி எப்படியாவது கடந்து முடிக்கிறவர்கள்தான், கூடைக்குக் கீழே மோதல் நடக்கிற நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

சென்டரும் டிரெயிலும் தாங்களாக மாறுவது இன்னொரு தொல்லை. லீட் அசையாமல் இருக்க, சென்டர் மேலேறிவிட்டால் இரண்டு டிரெயில் ஆகிவிடும், வீக் சைடு காலி. லீடைப் பார்க்காமல் இடம் மாறாதீர்கள். மற்ற இருவரும் மூன்று நான்கு நொடிக்கு ஒரு தடவையாவது கடைக்கண்ணால் லீடைத் தேட வேண்டும்.

ஒரு தாக்குதலில் ஒரு ரொட்டேஷன்கூட வராமல் போகலாம். இரண்டும் வரலாம். நிறைய மாறினால் நல்ல லீட் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பந்து மறுபக்கக் கூடைக்குப் போனால்?

டிரெயில் முன்னால் ஓடி லீட் ஆகிறார். லீட் பின்னால் வந்து டிரெயில் ஆகிறார். சென்டர் சென்டராகவே தன் சைடு லைனோடு ஓடுகிறார். இது எளிது, ஒரே மாலையில் வந்துவிடும். புது லீட் எண்ட் லைனைப் பார்த்துக்கொண்டு ஓடாமல், தோளுக்கு மேல் ஆட்டத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்பது மட்டும் பழக்கத்தில் வர வேண்டும்.

பந்தைப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

முடியாதுதான். சின்ன வயதிலிருந்து ஆடியவர்களுக்கு இன்னும் மோசம், கண் தானாகப் பந்தின் பின்னால் போகும். சிலம்பம் சொல்லித் தருகிற ஆசான்கள் கம்பைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பார்களே, அதே கதை.

மனதுக்குள் எண்ணிப் பார்க்கிற ஒரு பயிற்சி பலன் தருகிறது. சென்டராக நிற்கும்போது, பந்து உங்கள் பக்கம் இல்லாத நேரத்தில், உங்கள் பகுதியில் எத்தனை ஜோடி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு ஆட்டக்காரரும் அவரைத் தடுப்பவரும் சேர்ந்து ஒரு ஜோடி. ‘இரண்டு ஜோடி, ஒரு ஸ்கிரீன் வரப் போகிறது’ என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளுங்கள் (ஸ்கிரீன் என்பது கூட்டாளிக்கு வழி கிடைக்கத் தடுப்பவரை மறித்து நிற்பது). சொல்ல ஏதாவது இருந்தால் கண் அங்கேயே நிற்கும்.

தடுப்பவரைப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த பாடம். மோதல் முறையானதா என்பதைப் பெரும்பாலும் தடுப்பவர் தீர்மானிக்கிறார்: அவர் முதலில் இடம் பிடித்தாரா, நேராக மேலே குதித்தாரா, கை முன்னால் வந்ததா. பந்து வைத்திருப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் விழுவதுதான் தெரியும். ஏன் விழுந்தார் என்பது தெரியாது. அரங்கில் உட்கார்ந்திருக்கிற மாமன் மச்சானெல்லாம் அவர் விழுவதைத்தான் பார்க்கிறார்கள், அதனால்தான் அத்தனை கத்தல்.

நிற்கும் கோணமும் முக்கியம். இரண்டு உடல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். ஒருவர் முதுகு உங்களுக்கு நேராக வந்தால், அருகில் போவதைவிட ஓர் எட்டு பக்கவாட்டில் நகர்வதே மேல்.

டிரைவ் போகும்போது யாருடைய விசில்?

எங்கே தொடங்கியதோ அங்கே இருப்பவருடையது. சென்டர் பக்கத்திலிருந்து ஒருவர் கூடைக்குப் பாய்ந்தால், கடைசி வரை சென்டர் கூடவே போக வேண்டும், லே-அப் முடிந்து கால் தரையில் படும் வரை. கூடைக்குக் கீழே போனதும் இனி லீட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் தெரிகிற பழக்கம். லீடுக்கு அந்த டிரைவின் தொடக்கம் தெரியாது. அவர் எதிரே உதவிக்கு வரும் இரண்டாவது தடுப்பவரைப் பார்க்கிறார். கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் அவர் நின்றாரா வெளியே நின்றாரா என்பதும் லீடுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஊதிவிட்டால்?

கையை மட்டும் உயர்த்தி நில்லுங்கள். ஃபவுல் என்றால் மூடிய கை, வயலேஷன் (மோதல் இல்லாத விதிமீறல்) என்றால் விரித்த கை. அதற்கு மேல் எந்தச் சைகையும் வேண்டாம். கண்ணைப் பாருங்கள். யாருடைய பகுதியோ அவர் எடுத்துக்கொள்வார், மற்றவர் கையை இறக்கிவிடுவார்.

அவசரப்பட்டு ஒருவர் பிளாக் (தடுத்தவர் தப்பு) என்றும் இன்னொருவர் சார்ஜ் (பாய்ந்தவர் தப்பு) என்றும் சைகை காட்டிவிட்டால் அதற்கப்புறம் அந்த மாலை முழுக்கப் பஞ்சாயத்துதான். எங்கள் பக்கத்தில் அது இரண்டு மொழியில் நடக்கும்.

என் பகுதி இல்லாத இடத்தில் தெளிவான ஃபவுலைப் பார்த்துவிட்டேன். ஊதலாமா?

ஒரு நொடி பொறுங்கள். அந்தப் பகுதிக்காரர் ஊதவில்லை, அவர் பார்வை மறைக்கப்பட்டிருந்தது, ஆட்டத்தின் போக்கையே மாற்றுகிற மோதல் என்றால் தாமதமாக ஊதுவதில் தவறில்லை. ஊதாமல் விட்டால் ஆட்டம் கெடும் என்கிற அளவுக்கு இருக்க வேண்டும். லேசாகக் கை பட்டதற்கெல்லாம் பத்து மீட்டர் தள்ளி நின்று ஊதினால், பக்கத்தில் நின்று ‘இது ஒன்றுமில்லை’ என்று முடிவெடுத்த கூட்டாளியை எல்லோர் முன்னாலும் முட்டாளாக்குகிறீர்கள்.

ஷாட் போகும்போது யார் எதைப் பார்ப்பது? மூன்று புள்ளிக் கோடு?

மூன்று புள்ளி முயற்சிகள் டிரெயிலுக்கும் சென்டருக்கும். எறிந்தவர் தரையில் கால் பதிக்கும் வரை அந்தப் பகுதிக்காரர் அவரை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. காலுக்கடியில் கால் வைத்துக் கணுக்கால் பிசகுவது அப்போதுதான். பந்து பறப்பதையும் கோல்டெண்டிங்கையும் (கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தொடுவது) டிரெயிலும் சென்டரும் பார்ப்பார்கள். லீட் மேலே பார்க்கவே கூடாது, ரீபவுண்டுக்கு முண்டுகிறவர்கள் அவருடைய ஆட்கள். ஃப்ரீ த்ரோவில் பந்தை லீட் கொடுப்பார், எறிபவரைச் சென்டர் கவனிப்பார்.

ஸ்கோரர் டேபிளுக்கு ஃபவுல் சொல்லும்போது எண் காட்டுவதில் திணறுகிறேன்.

வரிசை எப்போதும் ஒன்றுதான்: ஆட்டக்காரரின் எண், என்ன ஃபவுல், அதற்கு என்ன தண்டனை. 10 வரை விரல்களே போதும். 11 முதல் 15 வரை வலது கை மூடிய முஷ்டி, இடது கையில் மீதி விரல்கள். 16 முதல் இரண்டு கட்டமாக வரும்: முதலில் புறங்கை டேபிளைப் பார்க்கும்படி பத்தாம் இலக்கம், பிறகு உள்ளங்கை பார்க்கும்படி ஒன்றாம் இலக்கம். 23 என்றால் புறங்கையில் இரண்டு, உள்ளங்கையில் மூன்று. கண்ணாடி முன் நின்று வீட்டிலேயே பழகலாம், வீட்டார் சிரிக்கட்டும்.

நின்று காட்டுங்கள். ஓடிக்கொண்டே காட்டுகிற எண்ணை ஸ்கோரர் தப்பாக எழுதினால் ஐந்தாவது ஃபவுலில் வேறொருவர் வெளியே போவார். அதை வாய்ச்சொல்லாலும் ஒரு தடவை சொல்வது நல்லது, ஸ்கோர் ஷீட் எழுதுகிற பிள்ளை பெரும்பாலும் பள்ளி மாணவராக இருக்கும்.

ஃபவுல் சொன்ன பிறகு மூவரில் யார் எந்த இடத்துக்குப் போவது என்பது அமெரிக்கக் கல்லூரிக்கு ஒன்று, என்பிஏவுக்கு ஒன்று, ஃபிபாவுக்கு ஒன்று. யூடியூபில் எதைப் பார்த்துப் பழகினீர்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே கூட்டாளிகளிடம் சொல்லிவிடுங்கள்.

க்ரூ சீஃப் என் முடிவை மாற்றலாமா?

முடியாது. தன் கடமைக்குள் ஒரு நடுவர் எடுத்த முடிவை இன்னொரு நடுவர் ஒதுக்கித் தள்ளவோ கேள்வி கேட்கவோ விதி இடம் தரவில்லை. விதியில் நேரடியாகச் சொல்லப்படாத விஷயம் வந்தால் தீர்மானிப்பது க்ரூ சீஃப். மற்றபடி அவர் வந்து ‘நான் இப்படிப் பார்த்தேன்’ என்று தகவல் தரலாம். மாற்றுவதோ வைத்துக்கொள்வதோ ஊதியவர் கையில். வயதில் மூத்த பி.டி. சார் க்ரூ சீஃபாக வந்தால் எதிர்த்துப் பேச நாக்கு எழாது என்பது தெரியும். அதனால்தான் இதை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

ஒரு டீம் மலையாளம், இன்னொரு டீம் தமிழ். எந்த மொழியில் பேசுவது?

முடிந்தவரை சைகையில் பேசுங்கள், விதிப்புத்தகத்துச் சைகை எல்லோருக்கும் ஒன்றுதான். கேப்டனிடம் பேச வேண்டி வந்தால் அவரவர் மொழியில், அதே அளவு சொற்களில் பேசுங்கள். ஒரு கேப்டனிடம் ஒரு வாக்கியமும் தன் ஊர்க்காரரிடம் ஐந்து வாக்கியமும் பேசினால், என்ன பேசினீர்கள் என்பது முக்கியமே இல்லை, எதிர் பெஞ்ச் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

கோழிக்கோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிற டீம்கள் நமக்கு மற்ற மொழி தெரியாது என்று நினைத்துத் திட்டும். புரிந்துவிட்டது என்பதை முகத்தில் காட்டலாமா என்று கேட்கிறார்கள். காட்டுங்கள். ஒரு தடவை அந்த மொழியிலேயே அமைதியாக ‘கேட்டது’ என்று சொன்னால் போதும், பெரும்பாலும் அதோடு அடங்கும். அடங்காவிட்டால் டெக்னிக்கல் ஃபவுல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ‘ஏட்டா’ என்று அழைத்தாலும் ‘அண்ணா’ என்று அழைத்தாலும் ‘சார்’ என்று அழைத்தாலும் பதில் ஒரே குரலில் வர வேண்டும்.

நடுவர்கள் மூவரும் தங்களுக்குள் பேசுவது குறைவாக இருக்கட்டும். ‘என்னுது’, ‘உங்களுது’, ‘பதினாலு’ போன்ற ஒற்றைச் சொற்கள் போதும். பதினாலு என்பது எறிந்த அணியே ரீபவுண்டு எடுத்தால் ஷாட் கிளாக்கில், அதாவது எறிய மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில், வர வேண்டிய நொடி.

எந்த விசில் வாங்குவது?

உள்ளே உருண்டை இல்லாத விசில். கனடாவைச் சேர்ந்த நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், 1984இல் பிரேசிலில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் விசிலுக்குள் உருண்டை சிக்கி ஒலி வராமல் போனதால்தான் ஃபாக்ஸ் 40 விசிலை உருவாக்கினார். 1987இல் அது வெளிவந்தது. புழுதியும் வியர்வையும் உள்ள திறந்தவெளி கோர்ட்டுக்கு அதுவே சரி. இங்கே இன்னொரு காரணமும் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில், மெதுவாக ஊதியது எதிர்ச் சைடு லைனுக்குக் கேட்காது. வயிற்றிலிருந்து, ஒரே தடவை, சுருக்கமாக ஊதிப் பழகுங்கள்.

சட்டையைப் போட்டி நடத்துகிறவர்கள் தருவார்கள். கறுப்பு நீளப் பேன்ட், கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ உங்கள் பொறுப்பு. சிமென்ட் தரையில் ஓடுவதால் ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பள்ளி கோர்ட்டில் கோடுகள் பழையபடி இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

2010இல் ஃபிபா மூன்று புள்ளிக் கோட்டை 6.25 மீட்டரிலிருந்து 6.75க்கு நகர்த்தியது, கீழே அகன்று மேலே குறுகிய பழைய பெயிண்டை 4.9 மீட்டர் அகலச் செவ்வகமாக்கியது. அதற்கு முன் சிமென்ட் போட்டு வண்ணம் அடித்த கோர்ட்டுகளில் பழைய கோடு இன்னும் இருக்கலாம், சிலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். எந்தக் கோடு செல்லும் என்று டாஸ் பந்துக்கு முன் இரண்டு கோச்சையும் ஒன்றாக நிறுத்திச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் சுண்ணாம்புத் தூளில் சரியான கோட்டைப் போடச் சொல்லுங்கள். சென்டராக நிற்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை, கோட்டை மிதித்தாரா இல்லையா என்பது அவர் தலையில்தான் வந்து விழும்.

எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கு இரண்டு நடுவர்தான் வருகிறார்கள். மூன்று பேர் முறையை எங்கே பழகுவது?

நியாயமான கேள்வி, நல்ல பதில் இல்லாத கேள்வியும்கூட. மூன்றாவது ஆளுக்குக் காசு கொடுக்கப் போட்டி நடத்துகிறவர்கள் யோசிப்பார்கள். காசு வேண்டாம், பழக வருகிறேன் என்று சொல்லி லீக் சுற்றில் மட்டும் மூன்றாவதாக நில்லுங்கள். பைனலுக்கு இரண்டு பேரே ஊதட்டும்.

காலி கோர்ட்டில் நான்கு பேர் சேர்ந்து நடந்து பார்ப்பதும் உதவும். ஒருவர் கையில் பந்து, அவர் பக்கம் மாற மாற மற்ற மூவரும் ரொட்டேஷன் செய்ய வேண்டும். முதலில் நடை, பிறகு ஓட்டம். பேசாமல் செய்து பாருங்கள், கண்ணால் மட்டும். பெரிய போட்டிகள் கோவையில் நடக்கும்போது பஸ் ஏறிப் போய், கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தின் ஒரு கால் பகுதி முழுக்க லீடை மட்டும் பாருங்கள், பந்தை மறந்துவிடுங்கள். ஸ்கோர் தெரியாமல் வெளியே வந்தால் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்று பேர் முறைக்கான கையேடுகளை ஃபிபா இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஆங்கிலம் கடினம் என்றால் படங்களை மட்டும் பார்த்தாலும் பாதி புரியும், அம்புக்குறிகள்தானே.

மூன்றாவது நடுவர் வராமல் போனால், அல்லது நடுவில் அடிபட்டால்?

இரண்டு பேர் முறைக்குத் திரும்ப வேண்டியதுதான். லீடும் டிரெயிலும் மட்டும். சென்டராக இருந்த ஞாபகத்தில் யாரும் நடுவில் தொங்க வேண்டாம்.

பெண்கள் வரலாமா? தேர்வு எப்படி?

வர வேண்டும். கேரளத்தின் சங்கனாச்சேரியிலிருந்து போய்ச் சென்னையில் தென்னக ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸைப் போல எத்தனையோ பேரை உருவாக்கிய மாநிலம் இது. விசில் பிடிக்கிறவர்களில் பெண்கள் இத்தனை குறைவாக இருப்பதற்கு, இரவு ஆட்டம் முடிந்து வீடு திரும்பப் பஸ் இல்லை என்பதைத் தவிர உருப்படியான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் வண்டி ஏற்பாடு செய்தால் தீருகிற பிரச்சினை.

மாவட்டச் சங்கத்தில் தொடங்கி, மாநிலம், பிறகு இந்தியக் கூட்டமைப்பு என்று படி ஏற வேண்டும். எழுத்து, களத்தில் ஊதிக் காட்டுதல், ஓட்டம் மூன்றுக்கும் தயாராகுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டம் கிடைக்கும் என்றாலும், எந்த மாநிலத்தில் பதிவு செய்கிறீர்கள் என்பதை யோசித்து ஒரே இடத்தில் செய்துகொள்ளுங்கள்.

ஆட்ட நாளில் எத்தனை மணிக்கு வர வேண்டும்? என்ன பேசிவைக்க வேண்டும்?

விதிப்படி, ஆட்டம் தொடங்க 20 நிமிடம் இருக்கும்போதே நடுவர் அதிகாரம் தொடங்கிவிடுகிறது, அப்போது கோர்ட்டில் இருக்க வேண்டும். அதற்கும் அரை மணி முன்னால் மூவரும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள், டீக்கடை பெஞ்சானாலும் சரி. இரண்டு விசில் வந்தால் என்ன, ஃபவுலுக்குப் பின் யார் எங்கே, கால் பகுதியின் கடைசி ஷாட் யாருடையது, டைம் அவுட்டில் எங்கே நிற்பது, எந்த பெஞ்ச் சூடானது, ஷாட் கிளாக் ஓட்டுகிறவர் புதியவரா என்று பேசுங்கள். ஷாட் கிளாக்கே இல்லாத கோர்ட் என்றால் 24 நொடியை யார், எப்படி எண்ணுவது என்பதையும் டேபிளோடு முடிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.